கெளுத்தி முள்ளும் இரண்டு வலது கைகளும்

எனக்குக் கல்யாணமாகி அறந்தாங்கிக்குக் குடிவந்தபோது என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்குப் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஐம்பதுகளின் பின்பாதி அது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். நான் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அதுவரை கடலைப் பார்த்ததே கிடையாது. எங்கள் ஊரில் மீன் என்றால் குளத்து மீன்தான். அறந்தாங்கியிலோ கடல் மீன் கிழக்குக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் கூடை கூடையாக வந்து இறங்கும். அதை வாங்கிக் குழம்பு வைத்தால் எனக்கு என்னவோ உப்பு வாடையாகவே தெரியும்.

வளவில் அடுத்த குடித்தனம் கோட்டைப்பட்டினத்து அம்மா ஒருவருடையது. அவர் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கடற்கரையில் பிறந்தவர் என்பதால் குளத்து மீன் என்றாலே அவருக்கு இளப்பம். நான் கெளுத்தியும் கெண்டையும் வாங்கிவந்து கிணற்றடியில் உரசுவதைப் பார்த்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரிப்பார்.

“சேத்துல கெடந்து வளந்ததப் போயித் திங்கிறியேம்மா. நாளைக்கு நல்ல வாவல் மீனு வருது, வாங்கித் தாரேன் இரு.”

“ஒங்களுக்குக் கடலு, எங்களுக்குக் கொளம்” என்பேன் நான்.

எனக்கு அந்தக் குளத்து மீனைக் கொண்டுவந்து கொடுத்தவள் வாரச் சந்தைக்கு வரும் ஓர் அக்கா. புதுக்கோட்டைச் சாலையில் பாதி வழியில் இருக்கும் ஒரு கண்மாய்க்கரை ஊர்க்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம், எடுப்பான குரல். அவள் புருஷனும் இன்னும் சில ஆட்களும் அந்த ஊர்க் கண்மாயில் வலை இழுப்பார்கள். கண்மாய் மீனுக்கான உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் எடுத்தவர் வேறொருவர். பிடித்த மீனில் வலை இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் அக்கா கூடையில் வைத்துக்கொண்டு வந்து விற்பாள். வருவது என் வீட்டுக்காரருடைய பஸ்ஸில். மேலே ஏற்றிய கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் தலையில் சொட்டும். சண்டை வரும். கண்டக்டர்தான் இடையில் புகுந்து சமாதானம் செய்ய வேண்டும். அந்த நன்றிக்கு என்னைச் சந்தையில் பார்த்தால், “கண்டக்டரு சம்சாரமா, வாங்க ஆத்தா, இங்கிட்டு வாங்க” என்று கூப்பிட்டு, எடுத்த மீனோடு இன்னும் ஒன்றிரண்டை அள்ளிப் போடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. தை பிறந்தபோதே கண்மாய்களில் மடையின் அடிக்கல் வெளியே தெரிந்தது. சித்திரையில் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதுவும் பச்சையாகக் குழம்பிப்போய் நின்றது. மாடுகள் அதில்தான் இறங்கின. ஆட்கள் அதில்தான் குளித்தார்கள். கண்மாய் முழுக்க நீந்தித் திரிந்த மீன்களெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஒண்டிக்கொண்டன. தண்ணீர் வற்றுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வலையை விடாமல் இழுத்தார்கள். சந்தையில் மீன் மலிந்து கிடந்தது.

மீனின் உடம்பில் சிவப்புப் புண்களைப் பார்த்தது அப்போதுதான். செதில் உதிர்ந்து, காசளவுக்கு வட்டமாகச் சதை தெரியும். சிலதில் அது குழியாகவே இருக்கும். துடுப்போரத்தில் ரத்தம் கட்டியிருக்கும். சந்தையில் கேட்டால், “மீனுக்கு அம்மை போட்டிருக்கு” என்றார்கள். அம்மை போட்ட மீனை விற்கலாமா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பு வைத்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு அக்காவிடம் கெளுத்தி வாங்கினேன். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள்ளும் இரண்டு பக்கத்துத் துடுப்பிலும் ஒவ்வொரு முள்ளும் உண்டு. ஊசி மாதிரி இருக்கும்; ஓரத்தில் ரம்பப் பல். சின்ன வயதிலிருந்தே அதைச் சாம்பல் தொட்டுப் பிடித்து அரிந்து பழகியவள்தான் நான். இருந்தாலும் ஒரு மீன் செத்தது மாதிரிக் கிடந்துவிட்டு, பிடித்ததும் துள்ளியது. பக்கத்து முள் வலது கை ஆள்காட்டி விரலின் அடியில் நன்றாக இறங்கிவிட்டது. பிடுங்கி எறிந்து, ரத்தத்தைப் பிதுக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு மீதி மீனையும் அரிந்து முடித்தேன். குழம்பு நன்றாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். எங்கள் இருவருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் விரல் வீங்கியது. கோட்டைப்பட்டினத்து அம்மா பார்த்துவிட்டு, “எங்க ஊருல கடல் கெளுத்தி, கெளுறும்பாக, அது குத்துனா சுடுதண்ணியிலதான் கைய வைப்பாக” என்று வென்னீர் போட்டுக்கொண்டுவந்து, பொறுக்கிற சூட்டில் என் கையை அதற்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வலி அடங்கியது; வீக்கம் அடங்கவில்லை. அதற்கடுத்த நாள் புறங்கை முழுக்க உப்பி, முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு ஓடியது. அக்குளில் நெறி கட்டியது. காய்ச்சலும் வந்தது. உள்ளூர் டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். அந்தக் காலத்தில் பென்சிலின் போட்டால் எதுவும் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. என் கை அடங்கவில்லை.

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க” என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தன்னுடைய பஸ்ஸிலேயே என்னைக் கூட்டிப்போனார். லீவு கேட்கப் போனால் மாற்று ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். டிரைவருக்குப் பின்னாலுள்ள சீட்டில் என்னை உட்காரவைத்து, கைக்குக் கீழே தலையணை கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். எனக்கும் ஒரு டிக்கெட் கிழித்து இடது கையில் கொடுத்தார். பின்னால் யாரோ, “சொந்தச் சம்சாரத்துக்கே டிக்கெட்டா கண்டக்டரே?” என்று கேட்டுச் சிரித்தார். அவர் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். வல்லத்திராக்கோட்டை தாண்டிய பிறகு எனக்குக் கண் சொருகிவிட்டது. பிறகு புதுக்கோட்டையில் இறங்கியதுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டை ஒரு டாக்டரம்மா பார்த்துக்கொண்டார். வெளியூர்க்காரர், முப்பது வயதிருக்கும். கண்டிப்பானவர் என்று ஆயாக்கள் பயந்தார்கள். கையைத் தொட்டுப் பார்த்ததும், “இதைக் கீறி விட்டாக வேண்டும், இன்றைக்கே” என்றார். இனிப்பு வாசனையாக ஏதோ மூக்கில் வைத்தார்கள். விழித்தபோது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது.

“என்ன குத்தியது?”

“கெளுத்தி முள்ளுங்க.”

“எந்தத் தண்ணீர் மீன்? எங்கே வாங்கினாய்?”

“சந்தையிலங்க” என்றேன். அதற்குமேல் சொல்லத் தெம்பில்லை.

“பென்சிலினுக்குக் கட்டுப்படாத கிருமி இது. சீழைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேறு மருந்து தருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்த நாளில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவள் வலது கை வாழைப்பூ நிறத்தில் உப்பியிருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. முகம் வற்றிப்போயிருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

“கண்டக்டரு சம்சாரமா?”

மீன்கார அக்கா!

என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். “கெளுத்தியா?”

“ஆமாக்கா. ஒங்கக்கிட்ட வாங்குனதுதான்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “டாக்டரம்மாக்கிட்ட என்னையச் சொல்லிட்டியா?”

“சந்தையில வாங்குனேன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

“அப்புடியே இருக்கட்டும் தாயி. எங்க ஊரு கம்மா மீனுன்னு தெரிஞ்சா விக்காது. ஏலக்காரரு வலைய வாங்கி வச்சுக்குவாரு.”

சரி என்று தலையாட்டினேன். அவளையும் அன்றே கீறிக் கட்டுப் போட்டார்கள்.

பஸ் புதுக்கோட்டையில் மத்தியானம் அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணியில் என் வீட்டுக்காரர் தோளில் தொங்கும் தோல்பையோடு ஓடிவருவார். கோட்டைப்பட்டினத்து அம்மா, ஆணம் என்று அவர் சொல்லும் குழம்பும் சோறும் கட்டிக்கொடுத்து அனுப்புவார். வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சோறு சாப்பிடத் தொடங்கிய முதல் நாள் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்ட ஆரம்பித்தார். வார்டு முழுக்க எங்களையே பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வாயை மட்டும் திறந்தேன்.

“வெக்கப்படாதீங்க கண்டக்டரே, அடுத்த வாய் இங்கிட்டு வரட்டும்” என்றாள் அக்கா. அவ்வளவு காய்ச்சலிலும் அவளுக்குக் கேலி போகவில்லை. அவர் காது சிவந்துபோனது. இருந்தாலும் மறுநாள் அவளுக்கும் ஒரு தூக்குவாளி கொண்டுவந்தார். வழியில் அவள் ஊர் நிறுத்தத்தில் அவளுடைய மகள் கஞ்சியோடு நின்றிருந்தாளாம். பதினைந்து வயதுப் பெண். அதிலிருந்து தினமும் அந்தப் பெண் வாளியை பஸ்ஸில் கொடுத்தனுப்புவதும், காலி வாளியோடு அம்மாவைப் பற்றிய சேதியை வாங்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

எங்கள் இருவரிடமும் உருப்படியாக இருந்தது ஆளுக்கொரு இடது கை. தலைமுடி சிக்குப் பிடித்துப் பேன் விழுந்துவிடும் என்று ஆயா பயமுறுத்தினாள். ஒரு சாயங்காலம் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, “திரும்பு” என்றாள். அவள் இடது கையால் சீப்பைப் பிடித்து வாரினாள். பின்னும்போது மூன்று காலில் ஒன்றை நான் பின்னால் கையை வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் மற்றதை மாற்றிப் போடுவாள். நழுவும், மறுபடி தொடங்குவோம். எதிர்க்கட்டில் கிழவி பார்த்துப் பார்த்துச் சிரித்து இருமல் வந்து அவதிப்பட்டாள். பின்னல் கோணல்மாணலாகத்தான் வந்தது. அடுத்து அவளுக்கு நான் பின்னிவிட்டேன்.

எனக்கு மருந்து கேட்டது. அக்காவுக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. அவள் முள் குத்தியதும் வரவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் கையாலேயே மீன் அள்ளி, அந்தத் தண்ணீரிலேயே கூடையை அலசி, பல நாள் வேலை செய்திருந்தாள். நடுவிரல் நுனி கறுக்கத் தொடங்கியது.

டாக்டரம்மா எங்கள் இரண்டு கைகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நின்று கேட்டார். “இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் புண். உனக்கும் மீன்தானே? எந்தக் கண்மாய்?”

“பல ஊரு மீனும் வருமுங்க” என்றாள் அக்கா.

அவர் போனதும் நான், “சொல்லிடுங்கக்கா. இன்னும் யாராருக்குக் குத்தியிருக்கோ” என்றேன்.

“ஒனக்கென்ன. மாசம் பொறந்தாச் சம்பளம் வருது” என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்றும் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் தூக்குவாளியை வைத்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

“என்னங்க கண்டக்டரே?”

“ஒண்ணுமில்லம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கும் மேலு சுடுதாம். காலுல புண்ணாம். வலை இழுத்த இன்னும் ரெண்டு பேருக்கும் அப்புடித்தானாம்.”

“எம் மக?”

“நல்லாத்தான் இருக்கு. நீங்க இல்லாததுனால அதுதான் இப்பக் கூடையத் தூக்கிக்கிட்டு வருது. நேத்துச் சந்தைக்கு என் பஸ்ஸுலதான் வந்துச்சு. கெளுத்தியும் விராலும் கொண்டாந்துச்சு.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “அவளா அரிஞ்சு குடுத்தா?”

“கேட்டவங்களுக்கு அதுதான் அரிஞ்சு குடுத்துச்சு.”

அவள் கஞ்சியைத் தொடவில்லை. சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது, அவர் கேட்காமலே பேசினாள். “எங்க ஊரு கம்மாதாங்க. மீனுக்கு அம்மைன்னு நெனச்சோம். எங்க வீட்டு ஆளுக்கும் காலு புண்ணாயிருக்கு. எம் மக அந்தக் கூடையில கைய விட்டுக்கிட்டு நிக்கிது. என்ன செய்யணுமோ செய்யிங்க.”

டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. “அந்தக் கண்மாய் மீன் ஒன்று எனக்கு உயிரோடு வேண்டுமே” என்றார்.

அதைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். அக்காவின் புருஷன் பிடித்துக்கொடுத்த ஒரு கெளுத்தியையும் உடம்பெல்லாம் புண்ணான ஒரு கெண்டையையும் கண்மாய்த் தண்ணீரோடு ஒரு பால் கேனில் விட்டு, டிரைவர் காலடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். “எந்த வீட்டு விருந்துக்குப் போகுது?” என்று கேட்டவர்களிடம், “டாக்டரம்மா வீட்டு விருந்துக்கு” என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் விடவில்லை; துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்கள். பஸ்ஸில் சொன்ன சேதி அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் ஒரே நாளில் பரவுவதற்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வராந்தாக் கோடியில் இருந்த பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னலோரத்தில் மைக்ராஸ்கோப் இருந்தது. “ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்” என்றார். எனக்கு முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். வெளிச்சமான ஒரு வட்டம்; அதற்குள் உடைந்த அரிசிக் குருணை மாதிரிப் பொடிப்பொடியாக எதுவோ, ஒன்றின் மேலொன்று மோதிக்கொண்டு ஓடியது. உயிருள்ளது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“இது மீனின் புண்ணிலிருந்து எடுத்தது. உங்கள் சீழிலும் இதே போலத்தான் இருக்கிறது” என்றார்.

அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தன பேரா?” என்றாள்.

“இந்தக் கிருமி குளத்தில் எப்போதும் இருப்பதுதான். தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கும் தொந்தரவில்லை, நமக்கும் இல்லை. தண்ணீர் வற்றி, சூடேறி, அழுக்கும் சேர்ந்தால் இது பெருகிவிடுகிறது. நெருக்கத்தில் மீனுக்குத் தெம்பு போய்ப் புண் வருகிறது. அந்த மீனையும் தண்ணீரையும் தொடுகிற கையில் காயம் இருந்தால் உள்ளே போகிறது.”

“கொழம்பு வச்சுத் தின்னவங்களுக்கு?”

“நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயத்தை அரிந்து பச்சையாகச் சாப்பிட்டால்தான் வயிற்றுக்கு வரும். அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் வரும்.”

அக்கா நிமிர்ந்தாள். “அப்பத் திங்கிற ஆம்பளைக்கு ஒண்ணுமில்ல. அரியுற பொம்பளைக்குத்தான்.”

“வலை இழுக்கிற ஆம்பளைக்கும்தானே?” என்றார் டாக்டரம்மா.

“அதும் நெசந்தான்” என்றாள் அக்கா.

திரும்பி வரும்போது வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். “அம்மைன்னா மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துனாச் சரியாப் போகும்னு இருந்தேன். இதுக்கு யாருக்கு ஊத்துறது?” என்று கேட்டாள். மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்ததும் மகளுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள்: “கூடையத் தொட வேணாம். அப்பன் தண்ணியில எறங்க வேணாம். கால நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இந்த பஸ்ஸுலயே ஏறி வரச் சொல்லுங்க.”

புருஷன் வந்து ஆண்கள் வார்டில் சேர்ந்தார். மற்ற இருவரும் வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா எழுதிப்போட்டதால் சுகாதார ஆட்கள் ஊருக்குப் போய், அந்தத் தண்ணீரைப் புழங்க வேண்டாம் என்று தண்டோராப் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஏலக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சத்தம் போடவில்லை, கட்டிலருகில் நின்று தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“இன்னும் பத்து நாளு பொறுத்திருந்தாக் கம்மா வத்தியிருக்கும். மீனும் வித்துருக்கும். நீ ஏன் தாயி வாயத் தொறந்தே?”

அக்கா பதிலுக்கு, “ஒங்க வீட்டுல யாருங்க மீனு அரியிறது?” என்று கேட்டாள்.

“வேலைக்கு ஒரு பொண்ணு இருக்கு. எதுக்குக் கேக்குற?”

“அந்தப் பொண்ணு கைய ஒருதரம் பாத்துக்கங்க.”

அவர் பழத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாரோ என்னவோ, எங்களுக்குத் தெரியாது. அவருக்கு நஷ்டம்தான், அதில் சந்தேகமில்லை. சந்தையில் ஒருவரும் குளத்து மீன் பக்கம் போகவில்லை. பள்ளத்தில் மிச்சமிருந்த மீன் செத்து மிதந்தது. ஊரார் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். அடுத்த வருஷம் அவர் வேறு ஆட்களை வைத்து வலை இழுத்தார்.

அக்காவின் நடுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

“கூடை தூக்க முடியுமாங்க?”

“முடியும்.”

“அப்ப எடுத்துருங்க.”

எடுத்துவிட்டு வந்த அன்று அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். அவளே, “சொல்லிட்டோம்ல, அது வரைக்கும் மனசு லேசாத்தான் இருக்கு” என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

அக்காவுக்கு முன்னாலேயே எனக்கு வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் இருக்கிறது, மடங்காது. கோலப்பொடியை நடுவிரலால் பிடித்துப் போடப் பழகிக்கொண்டேன். அறந்தாங்கிக்குத் திரும்பியதும் கோட்டைப்பட்டினத்து அம்மா திருஷ்டி கழித்துப் போடாத குறையாக என்னைத் தடவிப் பார்த்துவிட்டு, “இனி கடல் மீனுதான், சொல்லிட்டேன்” என்றார். ஒரு வருஷம் போல அப்படித்தான் நடந்தது. மீன் அரியும் வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கண்டக்டர் மீன் உரசுகிறார் என்று யாரும் பார்த்துவிடக்கூடாதென்று கிணற்றடிக் கதவைச் சாத்திக்கொள்வார். கை முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என்னை உள்ளே கூப்பிடுவார்.

அக்கா அந்தக் கோடையில் கூடை தூக்கவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்கும் கடலை பிடுங்கும் வேலைக்கும் போனாள் என்று அவர் வந்து சொல்வார். அடுத்த ஐப்பசி மழை குறைவில்லாமல் பெய்தது. கண்மாய்கள் நிறைந்து மறுகால் போயின. தை மாதம் சந்தைக்குப் போனபோது பழைய இடத்தில் அவள் குரல் கேட்டது. இப்போது மீன் பக்கத்து ஊர்க் கண்மாய் மீன். புருஷன் அங்கே வலைக்குப் போகிறார். கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அதன் மேல் ஒரு பாக்குவெட்டி வைத்திருந்தாள். கெளுத்தி கேட்டவர்களுக்கு மூன்று முள்ளையும் பாக்குவெட்டியால் நறுக்கி எறிந்துவிட்டுத்தான் நிறுத்துக் கொடுத்தாள்.

“ஏம்மா, முள்ள வெட்டிட்டா எடை கொறையுமே” என்று ஒருவர் வம்பிழுத்தார்.

“கொறஞ்சாக் கொறையட்டும். வீட்டுல ஒங்க சம்சாரத்துக்கிட்டப் போயி எடை போட்டுக் காட்டுங்க” என்றாள்.

மற்ற மீன்காரிகள் யாரும் அப்படிச் செய்யவில்லை. கேட்டால் சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவுமில்லை, யாருக்கும் புத்தி சொல்லவுமில்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்கி, புண் விழுந்த மீன் ஒன்று வலையில் வந்துவிட்டால், அந்த வருஷத்துக்கு அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அறுபதுகளில் அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை எங்கள் பஸ்ஸில் கிளீனராக இருந்த பையன். சம்பந்தம் பேசியது என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அன்றைக்கும் பஸ்ஸில் வேலை; நான் முதல் நாளே போய்விட்டேன். கோட்டைப்பட்டினத்து அம்மாவும் தன் கடையிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பந்தல் சின்னது, ஊர் முழுக்க வந்திருந்தது. தாலி கட்டி முடிந்து சாப்பாடும் ஆனபின், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மத்தியான பஸ்ஸில் அறந்தாங்கிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

பஸ் வந்து நின்றது. பெண் ஏறாமல் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை, மகளின் முதுகைத் தடவியபடி காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் விசிலை வாயில் வைத்துவிட்டு, ஊதாமல் எடுத்துவிட்டார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவரும் எஞ்சினை அணைத்தார். வழக்கமாக நேரமாயிற்று என்று கூச்சல் போடும் ஆட்கள்தான் உள்ளே இருந்தார்கள். அன்றைக்கு அவர்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.